சீன ஊசி குத்தினால் நோ நிற்குமா? அக்குபங்சர் பற்றி ஓர் அறிமுகம்

வேளாண்மை வெட்டு முடிந்த கையோடு படுவான்கரையில் அதிகம் கேட்கும் வார்த்தை ‘நாரி நோ’. வாவியில் வருடக்கணக்காக வீச்சுவலை எறிந்தவருக்குத் தோள்மூட்டு. தையல் மெசினுக்கு முன்னால் நாள் முழுக்க இருக்கும் பெண்ணுக்குப் பிடரி. ஐம்பதைத் தாண்டிய அம்மாமாருக்கு முழங்கால். யுத்தத்தில் காயப்பட்டவர்களுக்கும், செல் துண்டை உடம்புக்குள் வைத்துக்கொண்டு வாழ்பவர்களுக்கும் நோ இன்னும் முடியாத கதை. இவர்களில் அநேகர் வைத்தியசாலைக் கட்டிலில் கிடக்கும் நோயாளிகள் அல்லர். நோவோடு எழும்பி, நோவோடு வேலைக்குப் போய், நோவோடு படுப்பவர்கள்.

இவர்களுக்கு இருக்கும் தெரிவுகள் குறைவு. எண்ணெய் போட்டு நீவலாம். பனடோல் போடலாம். அதற்கும் கேட்காவிட்டால் பாமசியில் டைக்குளோபெனாக் வாங்கலாம். ஆனால் அந்த வகை மாத்திரைகளை மாதக்கணக்கில் எடுத்தால் வயிற்றில் புண் வரலாம், சிறுநீரகம் பழுதாகலாம், இருதயத்துக்கும் கூடாது. இந்த இடைவெளிக்குள்தான் முகநூலிலும் யூடியூபிலும் ‘மருந்தில்லை, சத்திரசிகிச்சை இல்லை, பக்கவிளைவு இல்லை’ என்ற விளம்பரங்கள் நுழைகின்றன. அவற்றில் அடிக்கடி வரும் பெயர் அக்குபங்சர்.

“நீ எழுதுறவன்தானே மனே, உந்தச் சீன ஊசி குத்தினா முழங்கால் நோ நிக்குமா?” என்று ஆரையம்பதியில் இருக்கும் என் பெரியம்மா கேட்டார். ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் முடிக்கக்கூடிய கேள்வி அல்ல அது. நான் வைத்தியன் அல்லன். ஆனால் இந்தச் சிகிச்சையை ஒரு தடவை எடுத்துப் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றி நடந்த பெரிய ஆய்வுகளை வாசித்திருக்கிறேன். அவற்றிலிருந்து எனக்கு விளங்கிய முக்கியமான விடயம் ஒன்று உண்டு. அக்குபங்சரைப் பற்றிக் கேட்கும்போது இரண்டு கேள்விகளைப் பிரித்துக் கேட்கவேண்டும். ஊசி குத்தினால் நோ குறைகிறதா என்பது ஒன்று. அது குறைவதற்குச் சொல்லப்படும் காரணம் சரியா என்பது மற்றது. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் ஒரு பக்கம் ‘எல்லா நோயையும் மாற்றும்’ என்ற பேச்சும், மறுபக்கம் ‘எல்லாம் ஏமாற்று’ என்ற பேச்சும் வருகின்றன.

ஊசியும் நெருப்பும்

சீன மொழியில் இந்த மருத்துவத்தின் பெயர் ‘சென்ஜியூ’. ‘சென்’ என்றால் ஊசி. ‘ஜியூ’ என்றால் சூடு. காய்ந்த மாசிபத்திரி வகை மூலிகையைத் திரித்து, கொளுத்தி, தோலுக்கு அருகே பிடித்து வெப்பம் ஏற்றுவது இரண்டாவது முறை. இரண்டும் சேர்ந்ததுதான் முழுச் சிகிச்சை. வெளியுலகம் ஊசியை மட்டும் பிடித்துக்கொண்டது.

‘அக்குபங்சர்’ என்ற பெயர் சீனத்தில் பிறந்ததல்ல. லத்தீனில் ஊசி என்பதையும் குத்துதல் என்பதையும் சேர்த்து 1683இல் ஐரோப்பாவுக்கு அறிமுகப்படுத்தியவர் வில்லெம் டென் ரைன் என்ற ஒல்லாந்த மருத்துவர். அவர் யப்பானில் வேலை செய்தது ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனிக்காக. 1638இல் போர்த்துக்கேயரிடமிருந்து நமது புளியந்தீவுக் கோட்டையைப் பிடித்த அதே கம்பனிதான்.

ஐயாயிரம் வருடப் பழமை என்று விளம்பரங்கள் சொல்லும். கையில் இருக்கும் சான்றுகள் அவ்வளவு தூரம் போவதில்லை. 1973இல் சீனாவின் மவாங்துய் என்ற இடத்தில் கி.மு. 168இல் மூடப்பட்ட ஒரு கல்லறையிலிருந்து பட்டுத்துணியில் எழுதிய மருத்துவக் குறிப்புகள் கிடைத்தன. உடம்பில் ஓடும் 11 நாளங்களைப் பற்றியும் சூட்டுச் சிகிச்சையைப் பற்றியும் அவை பேசுகின்றன. ஊசி வைத்தியம் அவற்றில் இல்லை. அதை விரிவாகச் சொல்லும் ‘மஞ்சள் பேரரசரின் உள்மருத்துவ நூல்’ அதற்குப் பின்னர் தொகுக்கப்பட்டது. அப்படிப் பார்த்தாலும் இரண்டாயிரம் வருடங்கள். அது போதுமான பழமைதான்.

இந்த இரண்டாயிரம் வருடமும் சீனா அதைக் கொண்டாடிக்கொண்டே இருக்கவும் இல்லை. 1822இல் பேரரசர் டாவோகுவாங் அரச மருத்துவக் கழகத்தில் ஊசி வைத்தியம் கற்பிப்பதை நிறுத்தினார். 1929இல் கோமிண்டாங் அரசாங்கத்தின் காலத்தில் சீன மருத்துவத்தையே ஒழிக்கும் முன்மொழிவு வந்தது. எதிர்ப்பினால் அது நடக்கவில்லை. 1950களில் மாவோவின் அரசுதான் அதை மீண்டும் தூக்கி நிறுத்தியது. கோடிக்கணக்கான கிராம மக்களுக்குப் போதிய வைத்தியர்கள் இல்லாத நிலையில், பழைய வைத்தியர்களையும் பயன்படுத்தவேண்டிய தேவை இருந்தது. ஊருக்கு ஊர், குருவுக்குக் குரு வேறுபட்டிருந்த முறைகள் ஒரே பாடத்திட்டமாக ஒழுங்குபடுத்தப்பட்டன. இன்று ‘பாரம்பரியச் சீன மருத்துவம்’ என்று உலகம் அறிவது பெரும்பாலும் அந்த ஒழுங்குபடுத்தலின் பிள்ளை.

அமெரிக்கர்கள் இதைக் கவனித்தது 1971 ஜுலையில். நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்குப் பீக்கிங்கில் குடல்வால் சத்திரசிகிச்சை நடந்தது. அக்குபங்சரால் மயக்கி வெட்டினார்கள் என்று இன்றும் பலர் சொல்வார்கள். ரெஸ்டன் எழுதியது அப்படியல்ல. வழமையான விறைப்பு ஊசி போட்டுத்தான் வெட்டினார்கள். அடுத்த நாள் வயிற்றில் வந்த உபாதைக்குத்தான் அக்குபங்சர் ஊசி குத்தினார்கள். அடுத்த வருடம் ஜனாதிபதி நிக்சன் சீனா போனபின் இந்த ஆர்வம் உலகமெங்கும் பரவியது.

முகத்துவாரம் வெட்டுவதுபோல

சீன மருத்துவத்தின் விளக்கத்தை மட்டக்களப்பாருக்குச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். மாரியில் வாவி நிரம்பி வயலுக்குள்ளும் வளவுக்குள்ளும் தண்ணீர் ஏறும்போது என்ன செய்கிறோம்? முகத்துவாரத்தில் அடைத்துக் கிடக்கும் மணல் திட்டை வெட்டி விடுகிறோம். தண்ணீர் கடலுக்கு ஓடுகிறது, ஊர் மூச்சு விடுகிறது. உடம்பையும் பழைய சீன வைத்தியர்கள் இப்படித்தான் பார்த்தார்கள். அவர்களுடைய நூலே உடம்பின் 12 பெரிய பாதைகளைச் சீனாவின் 12 ஆறுகளோடு ஒப்பிடுகிறது.

அந்தப் பாதைகளில் ஓடுவது ‘சீ’ என்ற உயிர்ச்சக்தி. நாம் பிராணன், வாயு என்று சொல்வதற்குக் கிட்டத்தட்ட ஒத்தது. அது தடையின்றி ஓடினால் சுகம். எங்காவது அடைத்தால், கூடினால், குறைந்தால் நோய். பாதை நெடுகிலும் மதகுகள்போலப் புள்ளிகள் உண்டு. இப்போதைய சர்வதேசத் தரப்படுத்தலில் அவற்றின் எண்ணிக்கை 361. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள சதைப்பகுதி ஒன்று. முழங்காலுக்குக் கீழே, காலின் வெளிப்பக்கம் ஒன்று. உட்பக்க மணிக்கட்டு மடிப்பிலிருந்து மூன்று விரல் தூரத்தில், இரு நரம்புக் கயிறுகளுக்கு நடுவே ஒன்று. எந்த மதகைத் திறக்கவேண்டும் என்பதை நாடி பிடித்தும், நாக்கின் நிறத்தைப் பார்த்தும், கேள்விகள் கேட்டும் வைத்தியர் முடிவு செய்கிறார்.

அழகான விளக்கம் இது. ஆனால் உடற்கூற்றியலாளர்கள் வெட்டிப் பார்த்தும், நுணுக்குக்காட்டியில் பார்த்தும், இரத்தக்குழாய் போலவோ நரம்பு போலவோ அப்படியொரு தனிப்பாதையைக் கண்டதில்லை. ஆகவே ‘சீ’யையும் பாதைகளையும் ஒரு பழைய வரைபடமாக எடுத்துக்கொள்வதே பொருத்தம். வரைபடம் பிழையாக இருந்தாலும், அதை வைத்துக்கொண்டு போனவர் சில வேளை சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம். போய்ச் சேர்ந்தாரா என்பதைத் தனியாகச் சோதிக்கவேண்டும்.

வர்மமும் போதிதர்மரும்

இந்த இடத்தில் தமிழ் வாசகர் ஒருவர் கட்டாயம் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. ‘இது நம்முடைய வர்மக்கலைதானே? போதிதர்மர்தானே சீனாவுக்குக் கொண்டுபோனார்?’ 2011இல் ‘7ஆம் அறிவு’ படம் வந்தபிறகு இந்தப் பேச்சு கூடியது.

ஆண்டுக் கணக்கைப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும். போதிதர்மர் சீனா சென்றதாக மரபு சொல்லும் காலம் கி.பி. 5ஆம் அல்லது 6ஆம் நூற்றாண்டு. மவாங்துய் கல்லறை மூடப்பட்டது அதற்கு அறுநூறு வருடங்களுக்கு முன்பு. கொண்டுபோனதாகச் சொல்லப்படும் பொருள் அங்கே ஏற்கெனவே வேரோடி இருந்தது.

வர்மத்தின் பெருமை இதனால் குறையப்போவதில்லை. சித்த மருத்துவம் 12 படுவர்மம், 96 தொடுவர்மம் என்று 108 இடங்களைக் கணக்கிடுகிறது. அடிபட்டால் ஆபத்தாகும் இடங்கள் எவை, அழுத்தினாலும் தடவினாலும் தெளியும் இடங்கள் எவை என்ற அறிவு அது. ஊசி அதன் மையக் கருவி அல்ல. நம் ஊர் முறிவு வைத்தியப் பரியாரிமாரின் கைகளுக்கும் இப்படியான இடங்கள் தெரியும். மனிதருக்கு மட்டுமல்ல. யானையின் உடம்பில் அங்குசத்தால் தொட்டு அதைப் பணியவைக்கும் இடங்களைச் சிங்களப் பாகர்கள் ‘நில’ என்று அழைக்கிறார்கள். உடம்பைத் தொட்டு வேலை செய்யும் மக்கள் எங்கே இருந்தாலும், எங்கே தொட்டால் என்ன நடக்கும் என்று கவனித்திருக்கிறார்கள். ஒருவர் மற்றவரிடமிருந்து களவெடுத்தார் என்று கொள்ளவேண்டிய அவசியம் இல்லை.

மேசையில் படுத்தால் என்ன நடக்கும்

சில வருடங்களுக்கு முன்பு கொழும்பில் வேலை செய்தபோது, இரவு பகலாகக் கணினிக்கு முன்னால் இருந்து வீடியோ வெட்டியதில் எனக்குப் பிடரி இறுகிப்போனது. நண்பர் ஒருவர் சொல்லி அக்குபங்சர் எடுக்கப் போனேன்.

முதலில் பயம் ஊசியைப் பற்றித்தான். வைத்தியசாலையில் மருந்து ஏற்றும் ஊசி உள்ளே துவாரம் உள்ளது, தடித்தது. இது துவாரமில்லாத கம்பி. தடிப்பு கால் மில்லிமீற்றர் அளவு. மருந்து எதுவும் இல்லை. தோலைத் தாண்டும்போது நுளம்புக்கடி அளவுதான் தெரிந்தது. அதன்பின் வைத்தியர் ஊசியை இலேசாகத் திருகினார். அப்போது உள்ளே ஓர் உளைவு, ஒரு பாரம், கொஞ்சம் விறைப்பு. சீனத்தில் இதற்கு ‘டே சீ’ என்று பெயர். சக்தி வந்து சேர்ந்ததற்கான அடையாளமாம். கழுத்திலும் தோளிலும் கையிலுமாகப் பத்து ஊசியளவில் குத்தி, இருபத்தைந்து நிமிடம் அசையாமல் படுக்கவைத்தார்கள். நான் நித்திரையாகிவிட்டேன்.

ஆறு தடவை போனேன். நோ குறைந்தது உண்மை. ஆனால் அதே ஆறு கிழமையில் மேசையின் உயரத்தை மாற்றியிருந்தேன், இரவு வேலையைக் குறைத்திருந்தேன், கிழமைக்கு ஒரு நாளாவது அரை மணித்தியாலம் போனைத் தொடாமல் படுத்திருந்தேன். குறைத்தது எது? என்னை மட்டும் வைத்து அதைச் சொல்ல முடியாது. ‘எனக்குச் சுகமானது’ என்று காணொளியில் சொல்பவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. ஆனால் எது சுகமாக்கியது என்பதை அவராலும் சொல்ல முடியாது. நாரி நோவும் பிடரி நோவும் தானாகக் கூடிக் குறையும் இயல்புள்ளவை. தாங்க முடியாத உச்சத்தில்தான் நாம் வைத்தியரைத் தேடிப் போகிறோம். அதற்குப் பிறகு எதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும் கொஞ்சம் குறையத்தான் போகிறது.

ஊசி உள்ளே போனால் உடம்பு என்ன செய்கிறது

‘சீ’ இல்லையென்றால் வேறு என்ன நடக்கிறது? விஞ்ஞானிகள் சில துண்டுகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

முதலாவது, நரம்பு. கால் கல்லில் அடிபட்டால் உடனே அந்த இடத்தைத் தேய்க்கிறோம், நோ குறைகிறது. தேய்க்கும் உணர்ச்சி முள்ளந்தண்டுக்குள் போய், நோவின் செய்தி மூளைக்கு ஏறும் வாசலைக் கொஞ்சம் சாத்துகிறது என்று 1965இல் மெல்சாக், வோல் என்ற இரு ஆய்வாளர்கள் விளக்கினார்கள். ஊசியின் தூண்டலும் இப்படி வேலை செய்யக்கூடும்.

இரண்டாவது, உடம்பே சுரக்கும் நோநீக்கிகள். மோர்பின் போலச் செயற்படும் எண்டோர்பின்களை நமது மூளை தானே உண்டாக்குகிறது. 1977இல் வெளியான ஒரு பரிசோதனையில் அக்குபங்சரால் பல் நோ குறைந்தவர்களுக்கு நலொக்சோன் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். மோர்பினின் வேலையைத் தடுக்கும் மருந்து அது. அதைக் கொடுத்ததும் நோ திரும்பிவிட்டது. அப்படியானால் ஊசி எண்டோர்பினைச் சுரக்கவைத்திருக்கவேண்டும்.

மூன்றாவது, ஊசி குத்திய இடத்திலேயே நடப்பது. 2010இல் அமெரிக்காவின் ரொச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் எலிகளின் முழங்காலுக்கு அருகே ஊசி குத்தித் திருகியபோது, அந்த இடத்தில் அடினோசின் என்ற பொருள் கூடியது. அது நோவை அடக்குவது. அடினோசினை உணரும் அமைப்பு இல்லாத எலிகளுக்கு ஊசி பலன் தரவில்லை.

ஆகவே ஊசி குத்தும்போது உடம்பில் எதுவுமே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் இந்த மூன்று விளக்கமும் நோவைப் பற்றியவை மட்டுமே. ஊசி சீனியைக் குறைக்கும், கட்டியைக் கரைக்கும் என்று இவற்றில் எதுவும் சொல்லவில்லை.

பொய் ஊசிச் சோதனை

ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க, பாதிப் பேருக்கு அதையும் மீதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரையையும் கொடுப்பார்கள். ஊசிக்கு எப்படி மாவு மாத்திரை செய்வது? புள்ளி இல்லாத இடத்தில், ஆழம் போகாமல், திருகாமல் குத்துவது ஒரு வழி. நாடக மேடைக் கத்திபோல நுனி தொட்டதும் பிடிக்குள் போய்விடும் ஊசி இன்னொரு வழி.

ஜேர்மனியில் நடந்து 2007இல் வெளியான சோதனை இதில் மிகவும் முக்கியமானது. நாட்பட்ட நாரி நோ உள்ள 1162 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குச் சீன முறைப்படியான ஊசி. ஒரு குழுவுக்குப் பொய் ஊசி. மூன்றாவது குழுவுக்கு மருந்து, இயன்மருத்துவம், உடற்பயிற்சி என்ற வழமையான சிகிச்சை. ஆறு மாதத்தின் பின் பார்த்தபோது, உண்மை ஊசி எடுத்தவர்களில் 47.6 வீதமானோருக்குச் சுகம். பொய் ஊசி எடுத்தவர்களில் 44.2 வீதம். வழமையான சிகிச்சை எடுத்தவர்களில் 27.4 வீதம்.

இந்த மூன்று எண்ணையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். முதலாவதையும் மூன்றாவதையும் மட்டும் காட்டினால் அக்குபங்சருக்குப் பெரிய வெற்றி. முதலாவதையும் இரண்டாவதையும் மட்டும் காட்டினால் படுதோல்வி. உண்மை இரண்டுக்கும் நடுவே. ஊசி எடுத்தவர்களுக்கு உதவி கிடைத்தது. ஆனால் எந்தப் புள்ளியில் குத்தினார்கள் என்பது பெரிதாகப் பொருட்படவில்லை. ஒருவர் நம்மை அரை மணித்தியாலம் கவனித்து, தொட்டு, கேள்வி கேட்டு, அமைதியாகப் படுக்கவைப்பதும், சுகம் வரும் என்ற எதிர்பார்ப்பும் பலனின் பெரிய பங்கைத் தந்திருக்கலாம். ஐந்து நிமிடத்தில் துண்டு எழுதி அனுப்பும் நமது வெளிநோயாளர் பிரிவுகளை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். அங்குள்ள வைத்தியர்களின் குற்றம் அல்ல. வரிசை அவ்வளவு நீளம்.

பின்னர் 39 சோதனைகளில் பங்குபற்றிய 20,827 பேரின் தரவுகளை ஒன்றாக்கி 2018இல் ஓர் ஆய்வு வந்தது. நாட்பட்ட நாரி, கழுத்து, தோள் நோவிலும், முழங்கால் மூட்டுத் தேய்விலும், தலையிடியிலும் உண்மை ஊசி பொய் ஊசியைவிடச் சிறிதளவு கூடுதலான பலன் தருகிறது என்பது அதன் முடிவு. ஊசியே எடுக்காதவர்களோடு ஒப்பிட்டால் வித்தியாசம் இன்னும் பெரிது. பலனின் பெரும்பகுதி ஒரு வருடம்வரை நிற்பதாகவும் தெரிந்தது.

இதே தரவுகளை வைத்துக்கொண்டு நிபுணர்கள் இன்னும் முரண்படுகிறார்கள். பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் 2009இல் நாரி நோவுக்கு அக்குபங்சரைப் பரிந்துரைத்து, 2016இல் அதை விலக்கி, 2021இல் காரணம் தெரியாத நாட்பட்ட நோவுக்கு மறுபடி பரிந்துரைத்தது. அமெரிக்காவின் முதியோர் மருத்துவக் காப்புறுதி 2020இல் நாட்பட்ட நாரி நோவுக்கு இதற்கான செலவை ஏற்கத் தொடங்கியது.

எதற்குப் போகலாம், எதற்குப் போகக்கூடாது

பெரியம்மாவின் கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். முழங்கால் தேய்வு, நாட்பட்ட நாரி நோ, கழுத்து நோ, அடிக்கடி வரும் ஒற்றைத் தலையிடி ஆகியவற்றுக்கு அக்குபங்சர் ஓரளவு உதவலாம். தேய்ந்த எலும்பை அது வளர்க்காது. நோவின் அளவைக் குறைக்கலாம். சத்திரசிகிச்சைக்குப் பின் வரும் குமட்டலுக்கு, மேலே சொன்ன மணிக்கட்டுப் புள்ளியைத் தூண்டுவது பலன் தருவதாகச் சோதனைகள் காட்டுகின்றன.

நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், புற்றுநோய், தொற்றுநோய் ஆகியவற்றுக்கு ஊசியை மருந்தாக நம்ப இடமில்லை. பிள்ளைக்காகக் காத்திருக்கும் தம்பதியரைக் குறிவைத்தும் விளம்பரங்கள் வருகின்றன. அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் சோதனைக்குழாய்ச் சிகிச்சை எடுத்த 848 பெண்களிடம் செய்த சோதனையின் முடிவு 2018இல் வந்தது. அக்குபங்சர் எடுத்தவர்களில் குழந்தை பெற்றோர் 18.3 வீதம். பொய் ஊசி எடுத்தவர்களில் 17.8 வீதம். வித்தியாசம் இல்லை என்றே கொள்ளவேண்டும்.

ஆபத்து ஊசியில் குறைவு, பேச்சில் அதிகம்

ஜேர்மனியில் 229,230 நோயாளிகளைக் கவனித்த ஓர் ஆய்வில் 8.6 வீதமானோருக்கு ஏதாவதொரு பக்கவிளைவு இருந்தது. பெரும்பாலும் சிறு இரத்தக்கசிவு, கண்டல். நெஞ்சில் ஆழமாகக் குத்தி நுரையீரலைச் சுற்றிக் காற்றுப் புகுந்தது இரண்டு பேருக்கு. பயிற்சி பெற்றவர் கையில் ஊசி பெரும்பாலும் பாதுகாப்பானது என்று இதிலிருந்து சொல்லலாம். சுத்தமில்லாத ஊசி வேறு கதை. 1984இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஒரே சிகிச்சையாளரிடம் போனவர்களில் 35 பேருக்கு ஹெபடைட்டிஸ் பி தொற்றியது.

பெரிய ஆபத்து ஊசியோடு சேர்ந்து வரும் ஆலோசனையில் இருக்கிறது. என் உறவினர் ஒருவருக்கு, காணொளி அழைப்பில் பேசிய ஒரு ‘ஹீலர்’ சொன்ன முதல் வார்த்தை, சீனிக் குளிசையை நிறுத்துங்கள் என்பது. அவர் நிறுத்தவில்லை. நிறுத்தியவர்களின் கதை சில வேளை பத்திரிகையில் வருகிறது. 2024 பெப்ரவரியில் கேரளத்தின் திருவனந்தபுரத்தில் நேமம் பகுதியில் வைத்தியசாலைக்குப் போகாமல் வீட்டிலேயே நடந்த பிரசவத்தில் தாயும் சிசுவும் இறந்தார்கள். கணவரோடு, அந்தத் தாய்க்குச் சிகிச்சை அளித்த அக்குபங்சர்காரரும் கைதானார்.

வட்ஸ்அப்பில் வருடக்கணக்காகச் சுற்றும் செய்தி இன்னொன்று. பக்கவாதம் வந்தால் ஆளை அசைக்காமல் பத்து விரல் நுனியிலும் ஊசியால் குத்தி இரத்தம் எடுங்கள், சீனப் பேராசிரியர் சொன்னது என்று இருக்கும். இதை நம்பிச் செலவழிக்கும் ஒவ்வொரு நிமிடமும் மூளையின் ஒரு பகுதி சாகிறது. இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்றவேண்டும். வாய் கோணினால், கை விழுந்தால், பேச்சுக் குளறினால் ஊசியைத் தேடவேண்டாம். 1990க்கு அழைத்து அம்புலன்ஸ் எடுங்கள்.

நாரி நோவிலும் சில அடையாளங்கள் உண்டு. சலம், மலம் கட்டுப்பாடில்லாமல் போதல், கால் பலமிழத்தல், காய்ச்சல், காரணமின்றி மெலிதல், விழுந்தபின் தொடங்கிய கடும் நோ. இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் வைத்தியசாலைதான்.

இலங்கையில் யாரிடம் போவது

அக்குபங்சர் இலங்கைக்குப் புதிது அல்ல. 1970களில் சீனாவில் கற்றுத் திரும்பிய வைத்தியர் அன்டன் ஜயசூரிய, களுபோவிலவில் உள்ள கொழும்பு தெற்கு வைத்தியசாலையில் இதைத் தொடங்கினார். அவரிடம் கற்க வெளிநாட்டவர்களும் வந்தார்கள். 2005இல் அவர் காலமானார். அரசாங்க வைத்தியசாலைக்குள், மேலைத்தேய மருத்துவம் படித்த ஒருவரின் கையால், இந்தச் சிகிச்சை நாட்டில் வேரூன்றியது என்பதைக் கவனிக்கவேண்டும். நோயை முதலில் கண்டறிந்து, பிறகு ஊசியை எடுக்கும் ஒழுங்கு அது.

அந்த ஒழுங்கை நாமும் கேட்டு வாங்கலாம். சிகிச்சையாளர் மேலைத்தேய வைத்தியர் என்றால் இலங்கை மருத்துவ சபையிலும், சித்த, யுனானி, ஆயுர்வேத வைத்தியர் என்றால் 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழும் பதிவு இருக்கவேண்டும். சுவரில் தொங்கும் சான்றிதழ் பதிவு அல்ல. பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். ஊசிப் பைக்கற்றை உங்கள் கண்முன்னே உடைக்கிறாரா, குத்திய ஊசியை எறிகிறாரா என்று பாருங்கள். இரத்தம் உறையாமலிருக்க வோபரின் போன்ற மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், இருதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் முதலிலேயே சொல்லிவிடவேண்டும். நீரிழிவால் பாதம் விறைத்தவர்கள் பாதத்தில் ஊசி குத்தவிடக் கூடாது. எத்தனை தடவை வரவேண்டும், மொத்தம் எவ்வளவு முடியும், எத்தனை தடவைக்குள் மாற்றம் தெரியாவிட்டால் நிறுத்துவீர்கள் என்றும் கேளுங்கள். வேறு வைத்தியர் எழுதிய மருந்தை நிறுத்தச் சொன்னால் எழும்பி வந்துவிடலாம்.

செலவையும் கணக்குப் பார்க்கவேண்டும். ஆய்வுகளில் பலன் தெரிந்தது ஒரு தடவை குத்தியதற்கு அல்ல. ஜேர்மன் சோதனையில் கிழமைக்கு இரண்டு என்ற கணக்கில் பத்துத் தடவையளவில் குத்தினார்கள். கொக்கட்டிச்சோலையிலிருந்து மண்முனைப் பாலம் கடந்து வரும் ஒரு வயல் கூலியாளுக்கு அது பத்து நாள் சம்பளமும் பஸ் காசும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் இயன்மருத்துவம் இலவசம். அங்கே கற்றுத்தரும் பயிற்சிகளை வீட்டில் தொடர்ந்து செய்வது நாட்பட்ட நாரி நோவுக்கும் முழங்கால் தேய்வுக்கும் பலன் தரும் என்பதில் நிபுணர்களிடையே பெரிய தகராறு இல்லை.

பெரியம்மாவிடம் இதைத்தான் சொன்னேன். முதலில் வைத்தியசாலையில் முழங்காலைக் காட்டிப் பயிற்சியைத் தொடங்குங்கள். அதற்குப் பிறகும் ஊசி எடுத்துப் பார்க்க விருப்பமும் காசும் இருந்தால், பதிவுள்ள ஒருவரிடம் ஆறு தடவை போய்ப் பாருங்கள், சீனிக் குளிசையை மட்டும் ஒருவர் சொல்லியும் விடாதீர்கள் என்று. “அப்ப நோ முழுக்கப் போகாதா மனே?” என்றார். முழுக்கப் போகும் என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை. மாதம் இருபது டைக்குளோபெனாக் போடும் இடத்தில் ஐந்தோடு நின்றால், அவருடைய சிறுநீரகத்துக்கு அது பெரிய உதவி.